மூன்று லென்த் சி கிளாஸ்

பைப்பின் வாய்க்குள் கட்டைவிரலை விட்டு, உள்சுவரை நகத்தால் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே எடுப்பார் பிட்டர் அண்ணன். அந்த நேரத்தில் அவர் கண் பைப்பின் மேல் இருக்காது. எதிரே ரோட்டில் போகும் லாரியின் மேலோ, பால் கேன் இறக்கும் ஆட்களின் மேலோ இருக்கும். விரலைக் காக்கிச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "இது பி கிளாசு மேடம்" என்பார். அல்லது "சி" என்பார். நான் சுவரின் கனம் அளக்கும் காலிப்பரைக் கொண்டுபோய் அளந்து பார்ப்பேன். சரியாகவே இருக்கும். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். மூன்று வருஷம் பாலிடெக்னிக்கில் படித்து, ஹாஸ்டல் சாம்பாரைக் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டு நான் கற்றதை இந்த மனிதர் நகக்கண்ணில் வைத்திருக்கிறாரே என்று.

குழாய் வாங்கிப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இரும்புக் குழாய்க்குத் துத்தநாகம் பூசி வருவதை ஜி.ஐ. பைப்பு என்போம்; இருபதடி முழுப் பைப்பு ஒன்று ஒரு லென்த். அதில் மூன்று கனம் உண்டு. மெல்லியது ஏ கிளாஸ், அதற்கு மஞ்சள் பட்டை. நடுத்தரம் பி, நீலப் பட்டை. கனமானது சி, சிவப்புப் பட்டை. பட்டை என்றால் பைப்பின் மேல் நாலு விரல் அகலத்துக்கு அடித்திருக்கும் பெயிண்ட், அவ்வளவுதான். வெளியே இருந்து பார்த்தால் பியும் சியும் ஒரே பருமன். கனம் உள்பக்கமாகத்தான் கூடும். பட்டையை அழித்துவிட்டால் எது எதுவென்று செய்தவனுக்கே தெரியாது. இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை நான் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். கொட்டாம்பட்டிக்கு இந்தப் பக்கம், திருச்சி ரோட்டை ஒட்டி ஒரு பால் குளிரூட்டும் நிலையம். சுற்றுக் கிராமங்களிலிருந்து காலையும் மாலையும் கேன்களில் பால் வரும். அதை எடை போட்டு, குளிர வைத்து, டேங்கர் லாரியில் மதுரைக்கு அனுப்ப வேண்டும். அங்கே நான் ஜூனியர் எஞ்சினியர். இருபத்து மூன்று வயது. ஆபீசில் இருந்த ஒரே பெண். மதுரையில் வேலை பார்க்கும் பெண்கள் தங்கும் ஹாஸ்டலில் ஒரு கட்டில், ஒரு பெட்டி. அம்மா இல்லை. அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு வேறு குடும்பமாகிவிட்டார். காலையில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்கு மேல். கையில் பையும் குடையுமாக இறங்கும் என்னைப் பார்த்து ஊர்க்காரர்கள் "டீச்சரம்மா வருது" என்பார்கள். பெண் பிள்ளை பை வைத்திருந்தால் டீச்சர்தான், வேறென்ன!

ஆபீசில் மற்றவர்கள் மோசமானவர்கள் இல்லை. என்னோடு என்ன பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மதியம் எல்லோரும் மேனேஜர் அறையில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நான் போனால் பேச்சு நின்றுவிடும். அதனால் கம்ப்ரசர் அறைக்கு வெளியே, இரைச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டிபன் பாக்சைத் திறப்பேன். அந்த இரைச்சல் ஒருவிதத் துணை. ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலில் ராத்திரிச் சாப்பாடு கிடையாது. அன்றைக்கு முழுக்க நான் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்ததைத் திங்கள்கிழமை காலையில் பஸ்ஸில் "ஒரு கொட்டாம்பட்டி" என்று கேட்கும்போதுதான் உணர்வேன். தொண்டை கட்டியிருக்கும்.

பிட்டர் அண்ணனுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். பேரையூர்ப் பக்கம், மானாவாரிக் காட்டை நம்பிய குடும்பம். எட்டு வருஷமாகத் தினக்கூலிக்குக் குழாய் பொருத்தும் பிட்டராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார் ரூமின் ஒரு மூலையில் ஸ்டவ் வைத்துப் பொங்கிச் சாப்பிட்டு, அங்கேயே படுத்துக்கொள்வார். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி மதுரை போய், அங்கிருந்து கல்லுப்பட்டி வழியாக ஊருக்குப் போவார். திங்கள் காலையில் எனக்கு முன்னால் வந்து நிற்பார். மனைவியும் ஒரு மகளும் ஊரில். நிலையத்துக்குப் பின்னால் இரண்டு குவார்ட்டர்ஸ் வீடு பூட்டிக் கிடந்தது. நிரந்தர ஊழியருக்குத்தான் வீடு. நிரந்தரமாகிவிட்டால் ரெண்டாம் நம்பர் வீடு தனக்கு என்று அவர் முடிவே செய்துவைத்திருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் சாவி வாங்கிக் கூட்டிப் பெருக்கிவிட்டு வருவார். "எம் பொண்டாட்டி ஒரே வார்த்தைதான் கேட்டா மேடம். என்னைய மோட்டார் ரூமுலயா குடி வைக்கப் போறீகன்னு. பிள்ளை வளர்றதே எனக்குத் தெரியலை. வாரத்துக்கு ஒருக்கா போனா, யாரோ விருந்தாளி வந்த மாதிரி பாக்குது." இதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார். கேட்கிற எனக்குச் சிரிப்பு வராது.

அப்போதுதான் அந்த வெந்நீர் லைன் வேலை வந்தது. பால் கேன்களை வெந்நீரில்தான் கழுவ வேண்டும். அதற்கு விறகுக் கொதிகலன் ஒன்று இருந்தது. கேன் கழுவும் பெண்கள் ஆறு பேரும் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே வேலை பார்ப்பார்கள். இன்னொரு பக்கம், பாலைக் குளிர வைப்பது என்றால் பாலில் இருக்கிற சூட்டைப் பிடுங்குவதுதானே? பிடுங்கிய சூட்டைக் கம்ப்ரசர் வெளியே காற்றில் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டைத் தண்ணீரில் பிடித்து, அந்தத் தண்ணீரால் கேன் கழுவினால் என்ன? தண்ணீர் கம்ப்ரசர் பக்கம் போய்ச் சூடேறி, தொட்டிக்கு வந்து, மறுபடி கம்ப்ரசருக்குப் போகும். ஓயாத சுற்று. தலைமை அலுவலகத்துப் பெரிய எஞ்சினியர் இந்த யோசனையைச் சொல்லி, குழாய் எது, கனம் எவ்வளவு என்று முடிவு செய்து வரைபடம் அனுப்பும்படி என்னிடம் விட்டார். என் பெயரில் வந்த முதல் வேலை.

மேனேஜருக்குப் பிளாஸ்டிக் குழாய் மேல் ஆசை. அப்போது புதுசு, மச்சான் வீட்டில் போட்டிருக்கிறாராம். வெந்நீர் பட்டால் அன்றைய பிளாஸ்டிக் குழாய் துவண்டுபோகும் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. பிட்டர் அண்ணன் ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டை எடுத்துக் கொதிகலன் தண்ணீரில் முக்கிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். வெந்த முருங்கைக்காய் மாதிரி வளைந்து கிடந்தது. அதோடு பிளாஸ்டிக் பேச்சு நின்றது. செம்புக் குழாய் நல்லதுதான், ஆனால் ரோட்டோரம் செம்பு போட்டால் மூன்றாம் நாள் பாத்திரக்கடையில்தான் பார்க்க வேண்டும். மிஞ்சியது ஜி.ஐ. அதில் பியா, சியா?

நான் ஒரு சாயங்காலம் முழுக்கக் கணக்குப் போட்டேன். தண்ணீரின் அழுத்தத்துக்குப் பி தாராளமாகப் போதும். ஆனால் குழாயைத் திருகி இணைக்க அதன் முனையில் மரை, அதாவது திருகு வரி, வெட்டுகிறோம். மரை வெட்டினால் அந்த இடத்தில் சுவரில் பாதி போய்விடும். மிச்சப் பாதியைத்தான் எங்கள் ஊர் உப்புத் தண்ணீர், அதுவும் சூடான உப்புத் தண்ணீர், வருஷக்கணக்கில் அரிக்கப் போகிறது. சிதான் சரி என்று எழுதிக்கொண்டு காலையில் போனேன். நான் வாயைத் திறப்பதற்கு முன் பிட்டர் அண்ணன், "மேடம், சிவப்புப் பட்டையே கேளுங்க. பச்சத் தண்ணி பைப்ப நக்கும், சுடுதண்ணி கடிக்கும். மரை கிட்டக்க ஆரம்பிச்சிரும்" என்றார். நான் தாளை நீட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. கடைசியில் பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டிருந்த சி மட்டும் தெரிந்தது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மேனேஜர் எட்டிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் நான் இன்னொரு மனுஷரோடு முழுசாக ஒத்துப்போனது ஒரு குழாய்ச் சுவரின் கனத்தில்தான் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து அவரை நான் அண்ணே என்று கூப்பிட்டேன்.

புரட்டாசியில் சரக்கு வந்து இறங்கியது. வெந்நீர்ச் சுற்றுக்குச் சி கிளாஸ். கூடவே குவார்ட்டர்சுக்குப் பச்சைத் தண்ணீர் லைன் போடப் பி கிளாஸ், அதே பருமனில். முற்றத்தில் சிவப்பு ஒரு அடுக்கு, நீலம் ஒரு அடுக்கு. வேலையை நல்லபடி முடித்தால் பிட்டர் அண்ணனின் நிரந்தர ஃபைலில் தானே கையெழுத்துப் போட்டு அனுப்புவதாகப் பெரிய எஞ்சினியர் சொல்லியிருந்தார். அண்ணன் ஆயுத பூஜைக்கு மூன்று நாள் லீவு கேட்டு, மனைவியிடம் இந்தச் சேதியைச் சொல்ல ஊருக்குப் போனார். போகும்போது, "வந்து ஆரம்பிச்சிர்றேன் மேடம். அடுக்கைக் கலைக்க விடாதீக" என்றார்.

அந்த ஆயுத பூஜைக்குப் பெரிய எஞ்சினியர் வருவதாக இருந்தது. நான் நிலையத்தையே ஜோடிக்க வேண்டும் என்று துடித்தேன். கேன் கழுவும் பெண்களைக் கூப்பிட்டு எல்லாவற்றுக்கும் வெள்ளிப் பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். மோட்டார், வால்வு, ஏணி, தள்ளுவண்டி. சந்தோஷத்தில் அவர்களுக்குக் கை நிற்கவில்லை. "டீச்சரம்மா, இந்தப் பைப்புகளுக்கும் அடிச்சிருவமா? துருப்பிடிச்ச மாதிரி அசிங்கமாத் தெரியுது" என்று ஒருத்தி கேட்டாள். அடிங்க என்றேன். யோசிக்காமல் சொன்னேனா? இல்லை, யோசித்தேன். பட்டை மறையுமே என்று ஒரு நொடி தோன்றியது. அடுக்குதான் தனித்தனியாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். அவர்கள் அடிப்பதற்கு வசதியாகப் பைப்புகளையெல்லாம் இறக்கிப் பரப்பி, அடித்து, காய்ந்ததும் ஒரே அழகான அடுக்காக அடுக்கி, ஒவ்வொரு பைப்புக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். நான் திரும்பி வந்து பார்த்தபோது கோயில் தூண் மாதிரி மின்னியது.

பெரிய எஞ்சினியர் கடைசியில் வரவில்லை, மேனேஜரும் லீவு. பூஜை முடிந்து அந்தப் பெண்கள் என்னைத் தங்கள் நடுவில் உட்கார வைத்தார்கள். இலையில் பொரியும் சுண்டலும் வைத்து, ஒருத்தி என் தலையில் பூ வைத்துவிட்டாள். "எம்புட்டு முடி இருக்கு பாருடி, ஒரு முழம் பூ வாங்க ஆளில்லாமத் திரியுது" என்று கேலி செய்தார்கள். அம்மா போன பிறகு என் தலையில் இன்னொருவர் கை பட்டது அன்றைக்குத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் தப்பு நடந்த நாள் என் வாழ்க்கையின் மிகச் சந்தோஷமான நாளாகவும் இருந்தது. அதனால்தான் அதைத் தப்பு என்று சொல்லவே எனக்கு வாய் வரவில்லை.

அண்ணன் வந்து பையைக் கூட இறக்கவில்லை. "யாரு மேடம் இதுக்கு அடிச்சது?" "நான்தான் அண்ணே அடிக்கச் சொன்னேன்." ஒரு பைப்பின் வாய்க்குள் விரலை விட்டார். இன்னொன்று. "வாய்க்குள்ளயும் அடிச்சு வச்சிருக்காக மகராசிக. திட்டுத் திட்டா நிக்குது. நகம் வழுக்குது. உங்க காலிப்பரும் இதுல நிக்காது." வெளியே பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தார், பட்டையும் சேர்ந்து உரிந்து வந்தது. பிறகு, "ஒண்ணும் மோசமில்லை. கேன் எடை போடுற மேடையில ஒவ்வொண்ணா தூக்கி வச்சுப் பாத்திருவோம். லென்துக்கு அஞ்சாறு கிலோ வித்தியாசம் காட்டும். ரெண்டு நாளு குடுங்க" என்றார். காலையும் மாலையும் அந்த மேடையில் பால் எடை நடக்கும். மதியம் மட்டும்தான் கிடைக்கும். தீபாவளிக்கு முன் லைன் ஓட வேண்டும் என்று கெடு, நாள் எண்ணித்தான் இருந்தது. ரெண்டு நாள் போனால் ஓடாது. ஏன் ஓடவில்லை என்று பெரிய எஞ்சினியர் கேட்பார். பெயிண்ட் கதையைச் சொல்ல வேண்டிவரும். நான் வேலையில் சேர்ந்த அன்றே அவர் மேனேஜரிடம், "பொம்பளப் பிள்ளைய ஃபீல்டுக்குப் போட்டிருக்காங்க, பாப்போம்" என்று சொன்னது என் காதில் விழுந்திருந்தது. அந்தப் "பாப்போம்" எனக்கு ஒரு முள்.

"உங்க கட்டைவிரல் எதுக்கு இருக்கு அண்ணே? அது தப்பாதே" என்றேன். பாராட்டுகிற மாதிரிச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் வீடு சீக்கிரம் வேண்டும். "சரி, வாரது வரட்டும்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரே மதியத்தில் விரலாலேயே அத்தனையையும் பிரித்துவிட்டார். ரெண்டு மூன்று பைப்பில் விரலை விட்டு எடுத்து மறுபடி விட்டதைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை.

லைன் தீபாவளிக்கு முன் ஓடியது. அண்ணன் வெட்டிய மரையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. விறகு நின்றது, புகை நின்றது. கேன் கழுவும் பெண்கள் முதல் நாள் வெந்நீரைப் பிடித்து முகம் கழுவிக்கொண்டார்கள். குவார்ட்டர்சுக்கும் மண்ணுக்குள் பைப்பு பதித்து முடித்தார். ஃபைல் போனது. போன ஃபைல் எந்த மேஜையில் உட்கார்ந்தது என்று யாருக்குத் தெரியும்? ஒரு வருஷம் ஓடியது. அடுத்த வருஷம் பங்குனியில்தான் எல்லாம் முடிந்துவிட்டது, ஒரு கையெழுத்துதான் பாக்கி என்று சேதி வந்தது. அண்ணன் குவார்ட்டர்சுக்குள் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். பீரோ எந்தச் சுவர், மகளின் மேஜை எந்தச் சன்னலோரம் என்று. சமையற்கட்டுச் சன்னலிலிருந்து மலை தெரிகிறது, மனைவிக்குப் பிடிக்கும் என்றார்.

சித்திரை மாதம் ஒரு காலை, பால் வந்து குவியும் நேரத்தில், வெந்நீர் லைனில் ஒரு முழங்கை வளைவுக்குப் பக்கத்தில் மரையோடு பைப்பு விட்டுப் பிரிந்தது. பெண்கள் டீ குடிக்கப் போயிருந்ததால் யார் மேலும் படவில்லை. ஆனால் பீறிட்ட தண்ணீர் கம்ப்ரசரின் மின்பெட்டிக்குள் போய் அது புகைந்துவிட்டது. அன்று காலைப் பாலையும் மாலைப் பாலையும் வாங்க முடியவில்லை. சைக்கிளிலும் மாட்டுவண்டியிலும் வந்தவர்களைத் திருப்பி அனுப்பினோம். அந்த வெயிலில் பால் எத்தனை நேரம் தாங்கும்? ஒரு கிழவர் கேட்டுக்கு வெளியே கேனைக் கவிழ்த்துவிட்டு, எங்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

பெரிய எஞ்சினியர் மறுநாளே வந்தார். பிரிந்த பைப்பை அறுக்கச் சொல்லி அளந்தார். பி கிளாஸ். தட்டித் தட்டி, சந்தேகப்பட்ட இடங்களிலெல்லாம் அறுத்துப் பார்த்ததில் மூன்று லென்த் பி கிளாஸ் அகப்பட்டது. ஸ்டோர் ரிஜிஸ்டரில் சுற்று முழுவதற்கும் சி கொடுத்ததாக இருந்தது. அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "மூணு சியை வெளிய வித்துட்டு, பியை மாட்டி வெள்ளிப் பெயிண்ட அடிச்சு மறைச்சிருக்கான். நல்லாருக்குடா உன் வேலை" என்றார். அண்ணன், "விரலு ஏமாத்திருச்சு சார். நான் திருடலை" என்றார். பெயிண்ட் யார் சொல்லி அடித்தது என்பதை நானே சொல்வேன் என்று விட்டிருந்தார் போலும். என் பக்கம் திரும்பவும் இல்லை. பெரிய எஞ்சினியர் என்னைப் பார்த்து, "ஏம்மா, பெயிண்ட் அடிச்சது பத்தி உனக்கு ஏதாச்சும் தெரியுமா?" என்று கேட்டார்.

மூன்று பி இங்கே வந்திருந்தால், மூன்று சி எங்கே போயிருக்கும்? குவார்ட்டர்ஸ் லைனில்தான். மண்ணுக்குள் முழங்கால் ஆழத்தில். ஒரு மண்வெட்டி போதும். திருட்டுப் பழியில் திகைத்து நின்ற அண்ணனுக்கு இது தோன்றவில்லை, எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. நான், "தெரியாது சார்" என்றேன்.

அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டார்கள். ஒன்பது வருஷ வேலை ஆள், பாவம், போலீசுக்குப் போக வேண்டாம் என்று பெரிய மனசு வேறு பண்ணினார்கள். கேன் கழுவும் பெண்கள் பெயிண்ட் விஷயத்தை வெளியே விடவில்லை. தங்கள் மேல் வந்துவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு. அதன் பிறகு அவர்கள் என்னைத் தங்களோடு உட்காரக் கூப்பிடவில்லை. அண்ணன் புறப்பட்ட அன்று நான் பஸ் நிறுத்தம் வரை பின்னாலேயே போனேன். ஒரு துணிப்பை, ஸ்டவ், சுருட்டிய பாய். பஸ் வந்து நின்றதும் ஏறி, படியில் நின்று, "நீங்க ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம் மேடம். உங்களுக்கு என்ன, திட்டிட்டு விட்டிருப்பாக" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கண்டக்டர் விசில் அடித்துவிட்டார்.

அவர் சொன்னது சரி. எனக்கு ஒரு மெமோ வந்திருக்கும், ஒரு இன்கிரிமென்ட் நின்றிருக்கும். நாலு பேர் "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லியிருப்பார்கள். அந்த நாலு பேர் சொல்லுக்குப் பயந்துதான் என்னோடு பேசுவதற்கு இருந்த ஒரே மனிதரை நான் பஸ் ஏற்றி அனுப்பினேன். பெண் என்பதால் எனக்குப் பயம் இருந்தது, உண்மைதான். ஆனால் அந்தப் பயத்தை விற்று அவர் வீட்டை வாங்கும் உரிமை எனக்கு யார் கொடுத்தது? இப்போது கேட்கிறேன். அப்போது கேட்கவில்லை.

வீட்டை வாங்கினேன் என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. ரெண்டு வருஷம் கழித்து எனக்குப் பதவி உயர்வு வந்தது. ஹாஸ்டலிலிருந்து வந்துபோக வேண்டாம், இங்கேயே தங்கிக்கொள் என்று குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். அதற்குள் ஒன்றாம் நம்பரில் மேனேஜர் குடிவந்திருந்தார். ரெண்டாம் நம்பர் எனக்கு. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன், சொல்லக்கூடிய காரணம் ஒன்றும் இல்லை. கொல்லையில் ஒரு குழாய் வைக்க ஆளை விட்டுத் தோண்டச் சொன்னபோது பைப்பு வெளியே தெரிந்தது. ஆள் இரும்பறுக்கும் வாளால் அறுத்து முனையைக் காட்டினான். சுவர் அத்தனை கனம். "என்னக்கா, தோட்டத்து லைனுக்குப் போயி சி கிளாச போட்டிருக்காய்ங்க, துட்டு மிஞ்சிக் கிடந்துச்சா?" என்று அவன் சிரித்தான். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அன்றே உட்கார்ந்து நடந்ததையெல்லாம், பெயிண்ட் அடிக்கச் சொன்னது நான் என்பது வரை, ஒரு விடாமல் இரண்டு பக்கம் எழுதினேன். தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவதற்கு முன் அண்ணனிடம் காட்ட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை பேரையூருக்குப் பஸ் ஏறினேன்.

ஊரில் விசாரித்துப் போனால் வீட்டில் அவர் இல்லை. மனைவி மட்டும் இருந்தார். ஒல்லியாக, நெற்றியை மறைக்கிற முடியோடு, முறத்தில் வரமிளகாய் ஆய்ந்துகொண்டிருந்தார். நான் யார் என்று சொல்லத் தொடங்கியதுமே எழுந்துவிட்டார். "நீங்கதானா அந்த மேடம்! வாங்க, வாங்க. ஒத்தையிலயா வந்தீக?" அண்ணன் திருப்பூரில் சாயப்பட்டறை ஒன்றில் பாய்லர் வேலை பார்க்கிறாராம். மாதத்துக்கு ஒருமுறை வருவாராம். போன வாரம்தான் வந்து போனாராம். நான் பைக்குள் கையை விட்டேன். தாள் விரலில் பட்டது.

"அவரு எல்லாஞ் சொன்னாரு மேடம்" என்றார். "வேலை நிரந்தரமாகி, வீடும் எழுதிட்டாகளாம். ஆனா ஒரு வீடுதான் காலியாம். நீங்க தாயில்லாப் பிள்ளை, மருதையில ஏதோ ஆஸ்டல்ல சோறு தண்ணி இல்லாம ஒத்தையில கெடக்குறீகன்னு, வயசுப் பொண்ணு எம்புட்டு நாளைக்கு பஸ்ஸுல அலையும், அதுக்குக் குடுங்க சார்னு விட்டுக் குடுத்துட்டு வந்துட்டேன்னாரு. வீடில்லாமப் போன வெறுப்புலதான் வேலையும் வேணாம்னு வந்துட்டாராம். எனக்கு அப்ப வந்த கோவத்துக்கு அவரை என்ன செய்யலாம்னு வந்துச்சு. ஊரான் பிள்ளைக்கு வீடு குடுத்துட்டு நம்ம பிள்ளைய விட்டுட்டு வந்திருக்கீகளேன்னு ஒரு மாசம் பேசலை. பெறகு சரி, பாவம், பொம்பளப் பிள்ளைதானன்னு விட்டுட்டேன். உக்காருங்க, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

திருட்டுப் பட்டம் கட்டி அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு மனுஷன் தன் பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வான்? அவர் ஒரு பொய் சொல்லியிருந்தார். அந்தப் பொய்யில் தன்னையும் காப்பாற்றிக்கொண்டார், என்னையும் எப்படியோ காப்பாற்றி வைத்திருந்தார். என் கையில் இருந்த இரண்டு பக்க உண்மையை அங்கே எடுத்தால் அந்த வீட்டில் என்ன மிஞ்சும்? இப்படி நினைத்துத்தான் தாளை எடுக்கவில்லை. ஊருக்குத் திரும்பி அதைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கலாமே என்றால், அனுப்பவில்லை. திருப்பூர் முகவரியைக் கேட்டேனா என்றால், அதுவும் கேட்கவில்லை. அவருக்காகத்தான் மறைத்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது வெறும் சாக்கு. பதினோரு வருஷம் அந்த ஊரிலும், பிறகு ஓய்வு பெறும்வரை வேறு ஊர்களிலும் வேலை பார்த்துவிட்டேன். நடந்ததை முழுசாக எழுதி இன்னொருவர் கையில் கொடுப்பது இப்போதுதான்.

அவர் மனைவி எனக்குச் சோறு போட்டார். மொச்சைக் குழம்பு, கூட அப்பளம். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். அவர் எதிரே உட்கார்ந்து, ஒருமுறைகூடப் பார்க்காத அந்த வீட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார். எத்தனை ரூம்? ரெண்டு. சமையக்கட்டுச் சன்னல்ல மலை தெரியுமாமே? தெரியும். காத்து வருமா? வரும். சொல்லச் சொல்ல, அந்த அறைகளில் ஒவ்வொன்றாக நடப்பது மாதிரி அவர் கண் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டே, "அங்கிட்டுத் தண்ணி லைனு இவரே பதிச்சதாம்ல மேடம். நாம குடியிருக்கப் போற வீடுன்னு பாத்துப் பாத்துப் பதிச்சேன்னாரு. தண்ணி நல்லா வருதா?" என்று கேட்டார்.

"நல்லா வருதுக்கா" என்றேன்.